போனுக்கு நெத்தி எது?

...அதத்தான் கண்ணு நானும் சொல்றேன், புதுப் போனுன்னா புதுப் போனு மாதிரி இருக்கணுமா வேணாமா? என் பழைய போனு கோழி ஊறவச்ச மசாலாச் சட்டிக்குள்ள விழுந்துச்சு. ஒரு தடவ இல்ல, பல தடவ. எடுத்துப் பாவாடைல தொடச்சுட்டு ஹலோன்னா அதுவும் ஹலோன்னுச்சு. இது சந்தைக்கு வந்தே இன்னும் ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள ஆயிரம் நோக்காடு. நீ எதுக்கு வந்துருக்க? கண்ணாடி ஒடஞ்சுபோச்சா? அட, அது பரவால்ல. ஒடஞ்சது கண்ணுக்குத் தெரியுது. என்னுது வெளிய பாத்தா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது, உள்ள அத்தனையும் கோளாறு. கொஞ்சம் தள்ளி உக்காரு, இந்தப் பைய வச்சுக்கறேன். சுட்ட கோழிதான். இந்த ஏசில ஒண்ணும் கெடாது.

உடோன் பஸ் ஸ்டாண்டுல வந்து லம்டுவான் யாருன்னு கேட்டுப் பாரு, கோழி சுடறவதானேன்னு அத்தன பேரும் கை காட்டுவாங்க. அப்பேர்ப்பட்ட அடுப்ப அணைச்சுப் போட்டுட்டு இங்க டோக்கன் புடிச்சு உக்காந்துருக்கேன். நம்பரு ஒம்பதுல முடியுது, அது ஒண்ணுதான் இன்னிக்கு நல்லது. ஏன் இவ்வளவு அவசரம்னா... என் மக வந்துருவா கண்ணு. ஞாயித்துக்கெழம வர்றேங்கறா. அதுக்குள்ள இதச் சரி பண்ணி, என் மூஞ்சிய அவளுக்குக் காட்டி, நான் நல்லாத்தான்டி இருக்கேன், நீ வராதன்னு சொல்லணும்.

மொதல்லேர்ந்து சொன்னாத்தான் வெளங்கும். என் மக பேரு சோமோ. பொறந்தப்ப தல பம்பளிமாஸ் பழம் கணக்கா இருந்துச்சு, சோமோன்னா அந்தப் பழந்தான், அந்தப் பேரையே வச்சுட்டோம். இப்ப தைவான்ல வேல. என்ன வேலங்கற? போனுல கேமராக் கண்ணாடி இருக்குல்ல, இத்துணூண்டு, அதத் தேய்க்கற வேல. தேச்சு, ஊதி, வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாளாம். ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் தூக்கிக் கடாசிடுவாளாம். வீட்டுல இருந்தப்ப ஒரு தட்டு கழுவுனதில்ல பாத்துக்க.

இந்த மாடலுக்கு எங்க பாக்டரிதாம்மா கண்ணாடி குடுக்குதுன்னு ஒரு நாள் சொன்னா. அவ்வளவுதான், நான் முடிவு பண்ணிட்டேன். அவ கை பட்ட கண்ணாடி வழியா அவ என்னப் பாக்கட்டுமே. கடை தொறக்கறதுக்கு முன்னாடியே போய் வரிசைல நின்னேன். எதுத்தாப்புல வாழப்பழம் பொரிக்கறவ ஒருத்தி இருக்கா, புவாலாய்னு, அவ கேக்கறா, கோழி சுடறவளுக்கு எதுக்குடி மூணு கண்ணு வச்ச போனுன்னு. உனக்கு ரெண்டு கண்ணு இருந்து என்னத்தப் பாத்துக் கிழிச்ச, எண்ணெய் கருகுது பாருன்னேன். அன்னிலேர்ந்து பேச்சு வார்த்தையில்ல. இப்ப அவ போன ஒரு நிமிஷம் வாங்கிப் பேசலாம்ல, ஆனா போய்க் கேப்பனா நான்? மூணு கண்ணு வச்ச போனு ரெண்டு வாரத்துல குருடாப் போச்சுன்னு பஸ்ஸு பஸ்ஸா ஏறிச் சொல்லிட்டு வருவா.

ஆமா, குருடுதான். வீடியோல அவ மூஞ்சி எனக்குப் பளிச்சுன்னு தெரியுது, மூக்கோரம் இருக்கற மச்சம் வரைக்கும். ஆனா அவளுக்கு நான் தெரியல. மூலைல என் படத்தச் சின்னதாக் காட்டுதுல்ல, அதுல பாத்தா எனக்கே பயமா இருக்குது. வெள்ள வெளேர்னு ஒரு மேகம், அதுக்குள்ள ரெண்டு பல்லு. மொத நாளு, கோழிப் பொகையாம்மான்னு கேட்டா. அடுப்பே இன்னும் பத்த வைக்கலடின்னேன். ரெண்டாவது தடவ, மூஞ்சி வீங்கியிருக்காம்மான்னா. அப்புறம் கொரலு. நான் பேசறது கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கொழகொழன்னு கேக்குதாம். அம்மா, உனக்கு வாய் கோணிப்போச்சா, உண்மையச் சொல்லுன்னு அழறா. கோணலடி, வேணும்னா பாருன்னு வாயத் தொறந்து காட்டுறேன். மேகத்துல ஒரு ஓட்டை. இன்னும் பெருசா அழறா.

சிரிக்காத. இன்னும் கேளு.

பேசிக்கிட்டு இருக்கையிலேயே பட்டுன்னு அணைஞ்சுபோகுது. யாரும் தொடவே வேணாம். இல்லாட்டி இதுக்குள்ளேர்ந்து ஒரு பொம்பளக் கொரலு கெளம்பி வருது, நான் என்ன உதவி செய்யட்டும்னு. மொத தடவ அடுப்புகிட்ட நிக்கறேன், யாரோ வாங்க வந்துருக்காங்கன்னு நெனச்சு, நெஞ்சு வேணுமா காலு வேணுமான்னு கேட்டுட்டேன். பக்கத்துல இருக்கற நெஞ்சு ஆஸ்பத்திரி நாலு இருக்குது, எதுக்குக் கூப்புடட்டும்னு கேக்குது கண்ணு. அந்த நேரம் பாத்து சோமோ லைன்ல இருக்கா. ஆஸ்பத்திரிங்கறது மட்டும் நல்லாத் தெளிவாக் கேட்டுருக்கு அவளுக்கு. அன்னிக்கே போய் லீவு எழுதிக் குடுத்துட்டா.

மூஞ்சியக் காட்டுனாத் தொறக்கும்னு கடைல சொன்னான். கடைல தொறந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. வீட்டுல என் மூஞ்சி அதுக்குப் புடிக்கல. கிட்ட வாங்கங்குது. போனேன். வெளிச்சத்துக்கு வாங்கங்குது. வாசலுக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் கிட்டங்குது. எங்கம்மா செத்தப்புறம் என்ன யாரும் இப்படி அதிகாரம் பண்ணதில்ல.

சார்ஜா? அதுவும் நிக்கல. நான் சனிக்கெழம பொறந்தவ, எனக்குப் பச்ச ஆகாது. இது முழுசா ஏறுனா பச்சையாக் காட்டுமாம். அதனால பாதி ஏறுனதும் புடுங்கிடுவேன். சாயங்காலத்துக்குள்ள செத்துப்போகுது. சனிக்கெழம பொறந்தவங்களும் போனு வாங்குவாங்கன்னு செஞ்சவனுக்குத் தெரியாதா?

நான் என்ன கொற வச்சேன் சொல்லு. வாங்குன அன்னிக்கே நேரா கோயிலுக்குக் கொண்டுபோனேன். பெரிய பிக்குகிட்ட வச்சு, புதுக் காருக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் செய்யச் சொன்னேன். மந்திரம், தீர்த்தம், ஒண்ணு பாக்கியில்ல. என் மகளக் கிட்டக்கப் பாக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன். இவ்வளவு செஞ்சும் கோளாறுன்னா அப்ப யாரு மேல தப்பு?

அவ வரவேணாங்கறது எதுக்குன்னா, இப்ப லீவு போட்டா வருசக் கடைசில குடுக்கற காசு போயிரும், மேஸ்திரி மொறைப்பான், அடுத்த ஒப்பந்தத்துல பேரு இல்லாமப் போனாலும் போகும். மத்தபடி நான் ஒண்ணும் அவ வரணும்னு அழுதுக்கிட்டு இல்ல. வருசப் பொறப்பு, அதான் சோங்க்ரான், ஒவ்வொண்ணுக்கும் வர்றேம்மா வர்றேம்மான்னா. வரல. நான் ஒரு வார்த்த கேட்டனா? போன வருசம் எல்லாப் பெரியவங்களும் கைய நீட்டிக்கிட்டு வரிசையா உக்காந்துருக்கோம், அவங்கவங்க புள்ளைங்க வந்து கைல பூத்தண்ணி ஊத்துது. எனக்கு யாரு ஊத்துனாத் தெரியுமா? புவாலாய் மக. போனாப் போகுதுன்னு ஊத்துனா. அந்தத் தண்ணி கைல பட்டதும் எனக்கு... சரி அத விடு. அதுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்.

அய்யோ, என் நம்பரு. கண்ணு, நீயும் வா, பைய எடுத்துக்க. தனியாப் போனா இங்கிலீசு பேசி அனுப்பிருவாங்க, ஒரு சாட்சி வேணும்.

இந்தா தம்பி. கேமரா கோளாறு, கொரலு கோளாறு, தானா அணையுது, தானாப் பேசுது. எல்லாம் இந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், சந்தேகம்னா அவளக் கேட்டுக்க. இரு, ஏன் ஒறையக் கழட்டுற? ஆமா, நூலுதான். கோயில் நூலு. அதுல கைய வைக்காத... மூணு சுத்து சுத்திக் கட்டியிருக்குது, அதுக்கென்ன இப்ப? பட்டன் மேலயா? பட்டன அமுக்கிக்கிட்டேவா இருக்குது? பட்டன் எங்க இருக்குதுன்னு பிக்குக்கு எப்படித் தம்பி தெரியும்? அவரு தொளதொளன்னுதான் கட்டுனாரு. நான்தான் இறுக்கிக் கட்டுங்க சாமி, அவுந்துறப் போகுதுன்னேன்.

அது தங்க ரேக்கு. பின்னாடி மூணு கண்ணுக்கும் மூணு. புத்தருக்கு ஒட்டறோம்ல, அதேதான்.

ஈரமா? எங்க, உள்ளயா? தீர்த்தம் தம்பி அது. காருக்குன்னா வாளி வாளியா ஊத்துவாரு, இதுக்கு நாலு சொட்டு தெளிச்சுட்டு நிறுத்திட்டாரு. எங்களுக்கெல்லாம் இவ்வளவுதானா சாமின்னு நான்தான் கேட்டேன். நல்ல மனுசன். அப்புறம் தாராளமாவே ஊத்துனாரு.

முன்னாடி இருக்கறதா? சுண்ணாம்பு மாதிரி... ஆமா, மாவுதான். பிக்கு மந்திரிச்சு நெத்தில வைக்கற புள்ளி. போனுக்கு நெத்தி எதும்மான்னு அவரு கேட்டாரு. வயசானவரு பாவம், திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மேல நடுவுல பொட்டு மாதிரி கறுப்பா ஒண்ணு இருந்துச்சு. இதான் சாமி நெத்தி, இங்கயே வைங்கன்னு வெரல வச்சுக் காட்டுனேன். மூணு புள்ளியும் அது மேலயே வச்சாரு.

என்னது?

அதுதான் கேமராவா?

கண்ணு, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிச்சாலும் எனக்குத் தெரியுது.

தொடைக்காம ஒண்ணும் செய்ய முடியாதா தம்பி? ஓரமாக் கொஞ்சம் சொரண்டுனாப் போதாதா? சரி... தொட. முன்னாடி மட்டும். நான் பாக்கல. மன்னிச்சுக்கங்க சாமி... ஆச்சா? குடு.

அட. என் மூஞ்சியா இது? கன்னத்துல கரி. காலைலேர்ந்து இதோடவா உக்காந்துருக்கேன், நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா கண்ணு? நூலும் அவுந்துச்சு. ஈரம் காயக் கொஞ்ச நாளாகுமா? ஆகட்டும். மூஞ்சி தெரிஞ்சாப் போதும். இனி அவளக் கூப்புட்டு, பாருடி, ஒரு கோணலும் இல்ல, வராதன்னு... இரு, அடிக்குது. அவதான். நூறு ஆயுசு அவளுக்கு. எடுக்கறேன், எல்லாம் பேசாம இருங்க.

...

ஹலோ. ஹலோ சோமோ. இருக்கேன்டி. இல்ல, தெரியுது, எனக்கு நீ தெரியுற. பின்னாடி என்னடி அது? பெட்டியா? போறப்ப நான் வாங்கிக் குடுத்த செவப்புப் பெட்டிதானே அது? இப்பவே ஏன்டி கட்டி வச்சிருக்க, ஞாயித்துக்கெழமதானே... மேல நீலமா என்ன, எனக்கா? எனக்கா எடுத்த, சட்ட?

...

என்ன கேட்ட? தெரியலையா? இப்பத்தான் ஒரு செகண்டு தெரிஞ்சுச்சா? இப்ப இருட்டாயிருச்சா... அப்படித்தான்டி இது. வரும், போகும். தம்பி, நீ சும்மா இரு, என் வெரலு எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும். இல்லடி, யாருமில்ல, கடைப் பையன். அவன் ஏதோ சொல்றான். ஆமா, கொரலு அப்படியேதான் இருக்குது. இருமலா? கொஞ்சம்... க்கும். க்கும். ரொம்ப இல்ல, வந்து பாத்தீன்னாத் தெரியும். மேஸ்திரி மொறைச்சா மொறைக்கட்டும்டி. அவன் மட்டும் அம்மா இல்லாமயா பொறந்தான்? சரி. சரி, அழாத. அழாம வா. சோங்க்ரானும் வருதுல்ல, அது முடிஞ்சப்புறம் திரும்பிப் போனாப் போதும், நான் அதுவரைக்கும் தாங்குவேன். வைக்கறேன்.

...

ரெண்டு பேரும் ஏன் என்ன அப்படிப் பாக்குறீங்க? ஞாயித்துக்கெழம அவ வந்து எறங்குனதும் நானே எல்லாத்தையும் சொல்லிருவேன். திட்டுவா. திட்டட்டும், பக்கத்துல நின்னு திட்டட்டும்.

தம்பி, அந்த மாவு தொடச்ச துணி எங்க? கீழ போட்டுட்டியா? எடு. பரவால்ல, எடு. கொஞ்சம் தண்ணி தொட்டுக் கொழச்சா வரும். அதே எடத்துல வை, நடுவுல. நூல நானே சுத்திக்கறேன். சர்வீஸுக்குக் காசு வேணாம்னாக் கோழி எடுத்துக்க, ஒட்டரிசிச் சோறும் இருக்குது. கண்ணு, நீயும் ஒரு கால எடுத்துக்க, உன் நம்பரு வர்ற வரைக்கும் சாப்புடு.

எதுக்குத் தம்பி தயங்குற? அப்புறம் யாரு தொடைக்கறதுன்னா? என் மக வந்து தொடச்சுக்குவா. அவ வேலையே அதானே.