நடந்து காட்டுடா

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். "எழுந்து நடந்து காட்டுடான்னேன், காட்டவே இல்ல" என்று பெரியவள் சொன்னபோதுதான் காது கொடுத்தேன்.

"யாரச் சொல்றக்கா?" என்றாள் சின்னவள்.

"ஜெயில்ல இருக்கிற எம் புள்ளதான். நேத்து வீடியோ கால்ல வந்தான்."

"அதான் ஜெயிலுக்குப் புதுச் சட்டம் போட்டு எல்லாத்தையும் மாத்திக்கினு வர்றாங்களே. வூட்லருந்தே பாத்துக்கலாம். நீ எதுக்குக்கா இந்த வெயில்ல பஸ் ஏறி அலையற?"

"நேர்ல போனா கம்பிக்கு அந்தாண்ட அவன் நடந்து வர்றதயும் பாப்பேன், திரும்பிப் போறதயும் பாப்பேன். போன்ல மூஞ்சி மட்டும்தான் தெரியுது. காட்டறவங்க ஏன் கழுத்தோட நிறுத்தறாங்க?"

"போன்னா அப்பிடித்தான்க்கா தெரியும். சும்மா சந்தேகப்படாத. நல்லாத்தான பேசினான்?"

பெரியவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாடான்னு கேட்டேன், நல்லா இருக்கேன்மான்னான். வக்கீலு வந்தாரான்னு கேட்டேன், நல்லா இருக்கேன்மான்னான். நடந்து காட்டுடான்னேன். அதுக்கும் நல்லா இருக்கேன்மான்னுதான்டி சொல்றான்."