இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஆண்டிபட்டிப் பட்டறையில் எங்கள் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடக் காத்திருந்தேன். மடியில் புத்தகம் இருந்தும் காது வேறிடத்தில் இருந்தது. கணவாயில் எதிர்வண்டி மோதிய பழைய மாட்டுவண்டி ஒன்றை ஆசாரி சோதித்துக்கொண்டிருந்தார்; வண்டிக்காரர் மாட்டைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார்.

“இது மோதுன கோளாறு இல்லண்ணே, நீங்க உக்கார்ற கோளாறு.”

“கேலியா ஆசாரி? மோதுனதுலருந்துதான் இடப்பக்கம் இழுக்குது.”

“மோதுன பெறகுதான் கவனிச்சிருக்கீக. அச்சு நேராத்தான் இருக்கு. இடச் சக்கரத்து நடுவுல அச்சு நுழையுற குடம் தேஞ்சிருச்சு. ரெண்டு வருசத் தேய்மானம். ஏன் எப்பவும் இடது ஓரமாவே உக்கார்றீக?”

வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவினார்.

“வலப்பக்கம் அவ உக்காருவா.”

“மதினி தவறி ரெண்டு வருசமாச்சே.”

“ஆமா.”

“நடுவுல உக்காந்தீகன்னா இந்தக் குடமே இன்னும் ஓடும்ண்ணே.”

“வேற குடம் போட்டுரு ஆசாரி.”