சும்மா கத்துகிறதா என்று பார்த்தவர்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் துக்கத்தோடு அமர்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, அவரோடு சிரித்தும் சண்டை போட்டும் பழகிய சக ஊழியர்களே, வணக்கம்.

நம் மூத்த மென்பொறியாளர், செல்லமாகவும் எரிச்சலாகவும் நாம் ‘சந்தேக அக்கா’ என்று அழைத்தவர், இன்று நம்மிடையே இல்லை. நிதானமாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன். முடியவில்லை. காலையில் வந்த ஒரு மின்னஞ்சலால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நாம் செய்யும் வேலை என்ன? நோயாளியின் நரம்பில் மருந்து இறக்கும் பம்ப்புக்கு ‘சி’ என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுகிறோம். அதில் பாயிண்டர் என்பது, தகவல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு முகவரி. அந்த முகவரி காலியாக இருப்பது தெரியாமல் நிரல் அங்கே போனால், பம்ப் அப்படியே படுத்துவிடும். அதற்காகவே ஒரு சோதனைக் கருவி வைத்திருக்கிறோம். நிரலை ஓட்டாமலே படித்துவிட்டு, ‘இது காலியாக இருக்கலாம், அது காலியாக இருக்கலாம்’ என்று நச்சரிக்கும். பெரும்பாலும் பொய் எச்சரிக்கை. நமக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுத்ததா?

ஒருமுறை நம் குழுத் தலைவர், ‘காலியாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடு’ என்று நிரலில் ஒரு வரி சேர்த்தார். எச்சரிக்கை மறைந்தது. அக்கா அந்த வரியை அழித்துவிட்டு அவர் மேசைமுன் போய் நின்றார்.

“கருவி வாயை மூடிடுச்சு, சரி. பம்ப்பும் வாயை மூடிக்கிட்டு நின்னா, மருந்து இறங்கலன்னு நர்ஸுக்கு யார் சார் சொல்றது?”

அந்த இடத்தில் அலாரம் அடிக்க வைத்தார். எச்சரிக்கை பொய்யென்று தெரிந்தாலும், ஏன் பொய் என்று நிரலிலேயே எழுதிவைப்பார். புதிய நிரலின் ரிலீஸ் தள்ளிப்போகும். அவரைத் திட்டாதவர் இங்கே யார்? வீட்டிலாவது சும்மா இருந்தாரா? “கேஸ் சிலிண்டரை மூடிட்டேன்னு சொன்னா போதாது, தொட்டுப் பாத்தீங்களான்னு கேப்பா” என்று அவர் கணவர் அலுத்துக்கொள்வார்.

போன வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நம் பம்ப். திடீரென்று அலறியது. நர்ஸ் வந்து பொத்தானை அமுக்கி, “இது இப்படித்தாங்க, சும்மா கத்தும்” என்றார்.

“சும்மாவான்னு பாத்துட்டு நிறுத்துங்கம்மா.”

பார்த்தால், அவர் முழங்கைக்கு அடியில் குழாய் மடங்கிக் கிடந்தது. நர்ஸ் சரிசெய்துவிட்டுப் போனதும் அக்கா என்னிடம், “எந்த வெர்ஷன் ஓடுது, பாருங்க” என்றார். பழையதுதான் என்றேன்.

“அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நண்பர்களே, அந்தச் சொல் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. பழைய வெர்ஷனின் எச்சரிக்கைகளை எல்லாம் அவர் படித்துவிட்டார்; புதிய வெர்ஷனில் அவர் படித்து முடிக்காத எச்சரிக்கைகள் இருக்கின்றன. நிர்வாகத்திலிருந்து வந்த காலை மின்னஞ்சல் என்ன சொல்கிறது? எல்லாவற்றையும் பொய் என்று குறித்து மூடிவிட்டு, இன்று மாலையே ரிலீஸ் செய்யச் சொல்கிறது. அவர் படத்துக்கு மாலை போட்ட கையாலேயே அதைச் செய்வதா?

நான் செய்யமாட்டேன். மிச்சத்தை ஒவ்வொன்றாகப் படிப்பேன். பொய்யென்றால் காரணம் எழுதுவேன். இங்கிருந்து நேராக என் மேசைக்குத்தான் போகிறேன். வருகிறவர்கள் வரலாம்.

தலைவர் அவர்களே, அதுவரை ரிலீஸ் நிற்குமா? பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். இதோ, அவர் கணவர் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள்.