மூலையில் ஒரு கடற்புறா

பயணத்தில் நீர்வண்ணப் படம் வரைகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் புத்தி, தாளில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்பதுதான். மலிவுத் தாள் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே சுருண்டுகொள்ளும். நல்ல பருத்தித் தாள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஈரம் தாங்கும். பிடிக்காத வானத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு வேறு வானம் போடலாம். இதை வாக்குமூலத்தில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். எப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் லயல். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். ஜனவரி வந்தால் காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு, மனைவி நோலீனையும் மகள் டாம்சினையும் அழைத்துக்கொண்டு, யார்க் தீபகற்பத்தில் ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய்விடுவேன். மற்ற ஆண்கள் பீரைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார்கள். நான் வரைவேன். நாளுக்கு ஒரு பக்கம். மேலே படம், கீழே இரண்டு வரி: எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம், நீல நண்டு கிடைத்ததா இல்லையா. வெளிச்சம் போவதற்குள் பக்கம் முடிந்துவிட வேண்டும். முடிந்ததும் நோலீன் அடியில் கையெழுத்துப் போடுவாள். டாம்சின் எழுதத் தெரியாத வயதிலிருந்தே, நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை அழுத்தி வலது மூலையில் ரேகை வைப்பாள். எழுதப் படித்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் இதற்குச் 'சாட்சி வைப்பது' என்று பெயர்.

மனிதர்களின் ஞாபகத்தை நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஒரே கடற்கரையில் ஒரே நாள் உட்கார்ந்திருந்த மூன்று பேரைக் கேளுங்கள், மூன்று கதை சொல்வார்கள். அதனால்தான் புத்தகம். புத்தகத்தில் இருப்பது நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. அவ்வளவு எளிமையான ஏற்பாடு அது. நோலீனுக்கு அதில் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. டாம்சினுக்குத்தான் இருந்தது.

போன வருடம் நோலீனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் அசைவு திரும்பிவிட்டது. தலைக்குள் இருந்ததுதான் கந்தலாகிவிட்டது. நான் அவள் கணவன் என்பது தெரியும். ஒரு பெண் பிறந்தது தெரியும். அதற்கு மேல் எல்லாம் மூடுபனி. நேற்று நடந்தது இன்று நிற்காது. வீட்டுக்கு வந்த நர்ஸ் அலமாரியில் இருந்த பயணப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, "இது பொக்கிஷம் சார், தினமும் எடுத்துப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். நானும் படித்துக் காட்டினேன். காலையில் வெஜிமைட் தடவிய ரொட்டி, டீ, அப்புறம் ஒரு புத்தகம். நோலீன் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவாள். புத்தகத்தில் எச்சில் வைக்காதே என்று முன்பெல்லாம் திட்டியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன். நான் ரொம்பப் பொறுமையாக இருந்த காலம் அது.

கிறிஸ்துமஸுக்கு அடிலெய்டிலிருந்து டாம்சின் வந்தாள். சாப்பாடு முடிந்து, மேஜையில் இறால் ஓடெல்லாம் அப்படியே கிடக்க, நோலீன் அவளிடம் ஒரு பக்கத்தைக் காட்டினாள். மரத்தூண்களின் மேல் கடலுக்குள் நீண்டு போகிற பாலம், அதன் நுனியில் தொப்பி போட்ட சிறுமி. நான் வரைந்ததில் நல்ல பக்கங்களில் ஒன்று.

"எவ்ளோ அழகா நிக்குற பாரு," என்றாள் நோலீன்.

"நிக்க வச்சாரும்மா. வெயில் மண்டையப் பொளக்குது, அசையக் கூடாதுன்னுட்டாரு. மத்த புள்ளைங்கல்லாம் பாலத்துலேர்ந்து தொபுக்கு தொபுக்குனு குதிக்குதுங்க. நானும் குதிச்சேன். ஏறி வந்ததும் இவரோட தண்ணி டப்பாவ தட்டி விட்டுட்டேன். விட்டாரு பாரு ஒரு அறை. காது ரெண்டு நாள் ஙொய்யுன்னுச்சு."

"லயல், அப்படியா?"

"புத்தகத்துல அப்படி எதுவும் இல்லையே," என்றேன்.

டாம்சின் சிரித்தாள். "உன் புத்தகத்துல எதுதான்பா இருக்கு? அம்மா கேரவனுக்குள்ள உக்காந்து அழுதது இருக்கா? மீன் வறுக்க லேட்டாயிடுச்சுன்னு சட்டியோட கடல்ல வீசினியே, அது இருக்கா? நண்டு எத்தனைன்னு மட்டும் கரெக்டா எழுதி வச்சிருப்ப."

நோலீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த குடிகாரனைப் பார்ப்பது போன்ற பார்வை. நாற்பது வருடம் பாடுபட்டுச் சேர்த்து வைத்ததை இந்தப் பெண் ஒரு டம்ளர் ஒயினுக்குள் கலைத்துவிட்டாள். போகும்போது வாசலில் நின்று வேறு சொன்னாள்.

"அம்மாவ என்கூட கூட்டிட்டுப் போறேன். வக்கீல்கிட்ட பேசிட்டேன். அவங்களுக்கு விருப்பமான்னு ஒரு வார்த்தை கேப்பாங்க, அவ்வளவுதான்."

அவளை நான் வெறுத்தேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. பெற்ற பெண்ணை வெறுக்கக் கூடாது என்கிறவர்களுக்கு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த மாதிரிப் பெண் வாய்த்திருக்க மாட்டாள். ஆனால் கோபத்தில் எதையும் செய்கிறவன் நான் இல்லை. ஒரே விடுமுறைக்கு இரண்டு ஞாபகம் இருந்தது. இரண்டில் ஒன்று போக வேண்டும். என்னுடையது எழுத்தில் இருந்தது.

அந்தப் பாலத்துப் பக்கத்திலேயே தொடங்கினேன். பின்கட்டு ஷெட்டில் ஒரு பிற்பகல் வேலை. சிறுமியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன், நல்ல தாள், முனகாமல் விட்டுக்கொடுத்தது. அந்த இடத்தில் கைப்பிடியோரம் குனிந்து தண்ணீரைப் பார்க்கிற ஆட்களைப் போட்டேன். கரையில் ஒரு ஆம்புலன்ஸ். கீழே இருந்த இரண்டு வரியையும் மாற்றி எழுதினேன்: 'டாம்சின் குதித்தாள். மேலே வரவில்லை.' அடியில் நோலீனின் கையெழுத்து அப்படியே இருந்தது. அதில் நான் கை வைக்கவில்லை. வைக்கவும் தேவையில்லை.

அதற்குப் பிந்தைய புத்தகங்களில்தான் வேலை அதிகம். நான் முகங்கள் வரைகிறவன் இல்லை என்பது நல்லதாகப் போயிற்று. பத்து வயதுப் பெண்ணைக் கூழைக்கடாப் பறவையாக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை, உட்காரும் தோரணை ஏறக்குறைய ஒன்றுதான். ரேகைகளைத்தான் எடுக்க முடியவில்லை. ஸ்டாம்ப் மை தாளோடு ஊறிவிடும், எந்த ஸ்பாஞ்சுக்கும் மசியாது. அதனால் ஒவ்வொரு மூலையிலும், ரேகையின் மேல், வெள்ளை கலந்த கெட்டி வண்ணத்தில் ஒரு கடற்புறா வைத்தேன். பாலத்துப் பக்கத்திலும் ஒன்று. சுவரில் இருந்த டாம்சினின் கல்யாணப் போட்டோ, பட்டமளிப்பு போட்டோ எல்லாம் ஷெட்டுக்குப் போயின.

முதல் காலை நோலீன் அந்தப் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். அப்புறம் தன் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நான் போட்ட கையெழுத்துதானே லயல்?"

"உன்னுதுதான்."

அவள் அழுத அழுகையை நான் விவரிக்கப் போவதில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா தெரியவில்லை. என் மனைவி என் கையைப் பிடித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மத்தியானம் வரை விடவில்லை. "உனக்கும்தானே வலிக்கும், பாவம் நீ," என்றாள். சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டாள். மறுநாள் காலை அதே புத்தகத்தை எடுத்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, தண்ணீர் குடியுங்கள்.

ஆமாம், தினமும்தான். வேறு புத்தகங்கள் இருந்தன. அவற்றைப் படித்தால் அவள் சிரிப்பாள், சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஈஸ்டருக்கு டாம்சின் வந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன், மரியாதையாக உள்ளே வா என்றேன். நோலீன் சமையலறை மேஜையில் இருந்தாள், அழுது ஓய்ந்த முகத்தோடு.

"அம்மா, நான் டாம்சின்."

நோலீன் நிமிர்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரு உன்ன அனுப்பிச்சது? செத்துப்போன புள்ள பேர வச்சு வெளையாடுறியே, உனக்கெல்லாம் பெத்தவ இல்லையா?"

"அம்மா, என்னப் பாரும்மா. ஒம் பொண்ணும்மா."

"லயல், இந்தப் பொம்பளைய வெளிய போகச் சொல்லு. எனக்குப் பயமாருக்கு."

டாம்சின் காரில் போய் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் கிளம்பாமல் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தாள். நோயின் வேலை என்றுதான் நினைத்தாள், நானும் மறுக்கவில்லை. வக்கீல் அனுப்பிய ஆள் அடுத்த மாதம் வந்து, மகளோடு போக விருப்பமா என்று கேட்டபோது நோலீன் அவரைக் கதவுவரை துரத்தினாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

என் தவறு என்று ஒன்று உண்டென்றால் அது எச்சில்தான். வரைகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கெட்டி வண்ணம் எத்தனை மாதம் காய்ந்திருந்தாலும் ஈரம் பட்டால் கரையும். நோலீன் நாக்கில் விரலைத் தொட்டு வலது மூலையில்தான் வைப்பாள், எல்லோரும் அங்கேதானே வைப்பார்கள். ஒவ்வொரு காலையும் ஒரு புறாவுக்கு இறக்கை போகும், இன்னொன்றுக்குத் தலை போகும். மாலையில் உட்கார்ந்து சரி செய்துவிடுவேன். பிறகு கணவாய் மீன் சீசன் வந்தது. இரண்டு மூன்று சாயங்காலம் தூண்டிலோடு எங்கள் ஊர்க் கடற்பாலத்துக்குப் போய்விட்டேன். ஓய்வுபெற்ற மனிதனுக்கு அது கூட வேண்டாமா?

கடைசிக் காலை, இன்னொரு டீ போட நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது மேஜை முழுக்கப் புத்தகங்கள் திறந்து கிடந்தன. நோலீன் அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டிருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு மூலையாக எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் வெள்ளையாக இருந்தது. மூலைகளில் புறா இல்லை. நீல ரேகைகள் இருந்தன.

"லயல், இந்தப் பாலத்துல செத்துப்போனா இல்ல, அவ விரல் இதுதானே?"

நான் டீயை வைத்தேன்.

"இது அடுத்த வருஷம். கொஞ்சம் பெருசு. இது அதுக்கடுத்த வருஷம்." புத்தகம் புத்தகமாக நகர்ந்து, கடைசி ரேகையின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு. "செத்த புள்ளையோட விரல் எப்படி லயல் வளரும்?"

உடம்பு சரியில்லாதவள், பழையதைக் கிளறாதே என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. நான்கு புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, பக்கத்து வீட்டு டல்சியிடம் போனாள். "மறந்துடுவேன் டல்சி, மறக்கறதுக்குள்ள எம் பொண்ணுக்கு ஃபோன் போடு," என்று வேலிக்கு அந்தப்புறம் அவள் கத்தியது எனக்குக் கேட்டது. அவ்வளவு சத்தமாக நோலீன் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். உயிரோடு இருக்கிற மகளை அவள் தாய்க்குச் சாகடித்துக் காட்டியது நான்தான். தினமும், என் கையால், தெரிந்தே. அடிலெய்டில் இப்போது டாம்சினும் நோலீனும் தினமும் காலையில் ஸ்டாம்ப் பேடில் விரல் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் யோசனையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நன்றி சொல்ல மாட்டார்கள். புத்தகங்கள் வழக்கு முடியும்வரை உங்களிடம் இருக்கட்டும், ஈரம் படாமல் வையுங்கள்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் அழிக்கவில்லை. குழந்தை அதன் இடத்திலேயே பத்திரமாக இருந்தது. அதன் மேல் ஒரு பறவையை உட்கார வைத்தேன், அவ்வளவுதான்.