பிரேக் இல்லாத சைக்கிளில் ஏறிய எங்கள் மேலாளருக்கு

பணி நிறைவு காணும் பெருந்தகையே! பந்து உருளும் தரையையும் சக்கரம் சுழலும் பாதையையும் ஒரே கூரையின்கீழ்க் கட்டி ஆண்ட கோமகளே! விசில் ஒன்றையே செங்கோலாய் ஏந்தி, வீரரையும் வேலையாளரையும் வேறுபாடின்றி விரட்டிய எங்கள் விசில் மேடமே! வணக்கம்.

இதற்குள் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். கூடைப்பந்துக்காரர்களுக்குத் தரையை விட வேண்டும், அடைமொழிகளைக் குறை என்று கண்ணாலேயே அதட்டியிருப்பீர்கள். இந்த மடலை எழுதும் பொறுப்பைப் பாதையின் தச்சனான என் தலையில் கட்டிவிட்டார்கள். பலகையை இழைக்கத் தெரிந்தவனுக்குச் சொல்லை இழைக்கவா தெரியாது என்றார்கள். இழைத்திருக்கிறேன், எங்காவது சிலாம்பு குத்தினால் பொறுத்தருள்க.

உங்கள் பொறுமையைப் பாடுவதா, பொறுமை இழந்த பொழுதுகளின் பேரழகைப் பாடுவதா? காற்றில் இறகுப்பந்து திசை மாறுகிறது, மின்விசிறியை அணையுங்கள் என்பார்கள் ஒரு சாரார். வேர்வையில் பிடி வழுக்குகிறது, போடுங்கள் என்பார்கள் மல்யுத்தக்காரர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை எத்தனை நாள் பொறுப்பீர்கள்? ஒரு நாள் ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். இரு சாராரும் ஒன்றுகூடி உங்களைத் திட்டினார்கள். அரங்கில் அன்றுதான் ஒற்றுமை பிறந்தது.

ஆயினும், அஞ்சா நெஞ்சத்து அம்மையே, இன்று பாடாமல் விடக்கூடாத கதை ஒன்று உண்டு.

தரையைச் சுற்றிக் கிண்ணத்தின் உட்புறம் போலச் சரிந்தேறும் நம் சைக்கிள் பந்தய மரப் பாதையைப் பிரித்துவிட்டு, இசை நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி போடலாம் என்று நிர்வாகக் குழு நினைத்த காலம் அது. பந்தய வீரர்கள் நாலு பேரைத் தவிர யார் அதில் ஓட்டுகிறார்கள் என்பது அவர்களின் வாதம். பாதை போனால் பயிற்சியாளர், மெக்கானிக், நான் என எல்லார் வீட்டு அடுப்பிலும் பூனை தூங்கும். நீங்கள் எங்களுக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளையே தொடாத நீங்கள், ஐம்பது வயதுக்கு மேல், பயிற்சியாளரிடம் ரகசியமாகப் பாடம் கேட்கத் தொடங்கினீர்கள். உங்களால் முடிந்தால் எந்தப் பெண்ணாலும் முடியும், வகுப்பு தொடங்கிவிடலாம் என்பது உங்கள் கணக்கு.

குழுவினர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற காலையில் நீங்கள் பாதையில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பந்தய சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கித்தான் நிறுத்த வேண்டும். ஏறுவதும் ஓட்டுவதும் படித்தாகிவிட்டது. நிறுத்துவது மறுநாள் பாடம்.

கொஞ்சம் நின்று பேசும்படி குழுத் தலைவர் கேட்டுக்கொண்டார். "நிக்கத் தெரிஞ்சா நிக்க மாட்டேனா சார்?" என்று சொல்லியபடியே கடந்து போனீர்கள். ஆகவே கூட்டம் சுற்றுக்கு ஒரு வாக்கியமாக நடந்தது. இதில் யார் ஓட்டுகிறார்கள் என்ற அவர் கேள்விக்கு, ஒரு முழுச் சுற்று போய்வந்து, "நான் என்ன தூங்கிட்டா இருக்கேன்?" என்றீர்கள். அடுத்த சுற்றில், "ஒரு வருஷம் குடுங்க சார். பொம்பளைங்களுக்கு வகுப்பு வச்சு நிரப்பிக் காட்டுறேன்" என்றீர்கள். உங்களைப் பார்த்துப் பார்த்தே தலைவருக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. கடைசியில் பயிற்சியாளரும் நானும் இருபுறமும் ஓடிவந்து இருக்கையைப் பிடித்தோம், மூவருமாக உருண்டோம். உங்கள் முழங்கையில் ரத்தம். அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்:

"பலகைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அதுவரை கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த தலைவர் மரியாதையாக எழுந்து நின்றார். ஒரு வருடம் கிடைத்தது. அது முடிவதற்குள் பெண்கள் வகுப்பில் இடம் கேட்டு அவர் மனைவியே எங்களிடம் சிபாரிசு பிடிக்க வேண்டியதாயிற்று. இதோ, இந்தப் பணி நிறைவு விழாவின் முன்வரிசையில் அமர்ந்து அந்த அம்மாளும் சிரிக்கிறார்.

மேடம், உங்களிடம் எங்களுக்குப் பயம் உண்டு. அதைவிட அன்பு அதிகம். இதை நேரில் சொன்னால் வேலை இல்லையா என்று கேட்பீர்கள் என்பதால், இப்படி ஏட்டில் எழுதிச் சட்டம் போட்டுத் தருகிறோம்.

முழங்கால் வலியறியா முதுமை பெறுக! மூச்சிரைக்காமல் மாடி ஏறி, முகம் சுளிக்காமல் மருந்துக்கடையைக் கடந்து, நூறாண்டு நலமுடன் வாழ்க! வீட்டாரை விசில் ஊதி எழுப்பாதிருக்க அருள்க!

ஓய்வு உங்களுக்குப் புதிது. முதல் சில நாட்கள் தடுமாறத்தான் செய்யும். அப்போது ஒரு குரல் கொடுங்கள், ஓடி வருகிறோம். விழாமல் பிடிப்போம் என்று உறுதி சொல்ல முடியாது. கூடவே விழுவோம்.

என்றும் உங்கள் விசிலுக்குக் கட்டுப்பட்ட,
உள்விளையாட்டரங்க ஊழியர்கள்