ஒரு முழுச் சுற்று

இந்த நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது சார். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும், நானே வைத்துவிடுகிறேன். அளவு பிசகினால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

பல்சக்கரங்களை அளப்பது என் வேலை. இரண்டு சக்கரங்களின் பற்கள் கோக்கும்போது நடுவில் முடியளவு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் போகாது, சூடேறி இறுகிவிடும். என் மனைவியின் அண்ணன் அதே பட்டறையில் ஃபிட்டர். அவர் பொருத்துவார், நான் அளப்பேன். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. கையால் ஆட்டிப் பார்த்தே "சரியா இருக்கு மாப்ள" என்பார். போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தங்கையிடம் சொன்னார்: "உன் வீட்டுக்காரர் காத்தை அளந்து சம்பளம் வாங்குறாரும்மா." அவள் புரையேறும்வரை சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது, மறைப்பானேன்.

மறுநாள் வந்தது பிஸ்கட் மாவு பிசையும் இயந்திரத்தின் சக்கரம், ஆள் உயரம் இருக்கும். இடைவெளி பார்க்க, பற்களுக்கு நடுவே மெல்லிய ஈயக் கம்பியைக் கொடுத்து மெதுவாகக் கையால் சுற்ற வேண்டும். நசுங்கி வரும் கம்பியின் கனம்தான் இடைவெளி. குறட்டால் பிடிக்க வேண்டிய கம்பியை மச்சான் எப்போதும் விரலால்தான் கொடுப்பார். "சுத்தட்டுமா" என்று நான் கேட்டு, "சுத்து" என்று அவர் சொன்ன பிறகே சுற்றுவது எங்கள் பட்டறை வழக்கம். அன்றும் கேட்டேன். மனதுக்குள் கேட்டேன். மோட்டாரும் மாட்டியிருந்ததால் சுவிட்சைப் போட்டேன்.

முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சட்டை முதலில் உள்ளே போனது, பின்னாலேயே அவரும் போனார். நிறுத்தும் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சக்கரத்துக்குத் தொண்ணூற்றாறு பற்கள். ஒரு முழுச் சுற்று முடியாமல் எடுத்த அளவு செல்லாது. எண்ணி முடித்துத்தான் அமுக்கினேன். அதற்குள் மச்சானுக்கு மூச்சில்லை.

கம்பியைத் தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமானது. துடைத்து, மூன்று இடங்களில் அளந்தேன். மூன்றும் சரியாக இருந்தன. மனிதர் பொருத்தியதில் ஒரு குறையும் இல்லை. "தேறியது" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

வஞ்சம் வைத்துக் கொன்றேன் என்கிறாள் என் மனைவி. கொன்றது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள் சார், வஞ்சம் இருந்திருந்தால் தேறவில்லை என்றல்லவா எழுதியிருப்பேன்?