அக்குள் சூடு

மணிகண்டன்: அந்தக் கம்பளிய எடுத்து வையி மாப்ள. என் தங்கச்சிக்குன்னு ஆசையா வாங்குன...

வைரவன்: பெட்டி வெயிட்டு ஏறிப்போச்சு மச்சான். நீயே போத்திக்க.

மணிகண்டன்: உன்ன ஃபிளைட் ஏத்திவிட கம்பெனி பி.ஆர்.ஓ. எப்ப வர்றான்?

வைரவன்: நாலு மணிக்கு. அஜ்மான்லேர்ந்து துபாய் போகணும்ல, டிராஃபிக்கு. பாஸ்போர்ட்ட ஏர்போர்ட் வாசல்லதான் கையில குடுப்பானாம். திருடனக் கூட்டிட்டுப் போற மாதிரி...

மணிகண்டன்: அப்படிச் சொல்லாத.

வைரவன்: பின்ன? நம்ம ஃபேக்டரி கேமரா ஆறாயிரம் திரும்பி வந்திருக்கு. வெயில்ல பசை விட்டு லென்ஸெல்லாம் நகந்துருச்சு. அத்தனை பசைச் சொட்டுலயும் காத்துக்குமிழி.

மணிகண்டன்: மெஷின்தானப்பா சொட்டு வைக்குது! மயிரிழை பிசகாதுன்னு பீத்துனானுங்க...

வைரவன்: மெஷின் என்ன செய்யும்? ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த பசைக்குழாய குளிர் போக ஒரு மணி நேரம் வெளிய வச்சு மாட்டணும், இல்லாட்டி குமிழி வரும். நாம அக்குள்ள வச்சு, பத்தே நிமிசத்துல மாட்டுனோம்.

மணிகண்டன்: ‘யல்லா, ஜல்தி’ன்னு சூப்பர்வைசர் உசுர வாங்குனான்ல? அவனே ரெண்டு தடவ அக்குள்ள வச்சிருக்கான்!

வைரவன்: அவன் அக்குள்ள வச்சா பசை கெட்டுல்ல போயிரும். அந்த நாத்தத்துக்கு...

மணிகண்டன்: ச்சீ... போற நேரத்துலயும் சிரிக்க வைக்கிற.

வைரவன்: ஊருக்குப் பேசுனியா மச்சான்?

மணிகண்டன்: எங்க... காலிங் கார்டு தீந்துபோச்சு.

வைரவன்: ம்.

மணிகண்டன்: ஆமா... அந்தக் கேமராவெல்லாம் எந்த நாளு ஒட்டுனதுன்னு சொன்னானுங்க?

வைரவன்: ஒம்பதாந் தேதி. ரெண்டு பத்துக்கு ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தது, ரெண்டு பதினஞ்சுக்கு மெஷின்ல இருக்கு. அக்குள் சூடு கூட ஏறல. ரெஜிஸ்டர்ல என் பேரு, என் கையெழுத்து.

மணிகண்டன்: நீ... ஒண்ணுமே பேசலயா?

வைரவன்: உன் கையெழுத்தான்னு மேனேஜர் கேட்டான். ஆமான்னேன். கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னுட்டான்.

மணிகண்டன்: மாப்ள... ஒம்பதாந் தேதி நீ பல்வலின்னு பாத்ரூம்ல கெடந்த...

வைரவன்: கெடந்தேன்.

மணிகண்டன்: உன் மெஷினையும் நாந்தான பாத்தேன். எப்பவும் போல உன் பேர்ல கையெழுத்தயும் நாந்தான போட்டேன்... இது உனக்குத் தெரியும்ல?

வைரவன்: ரெஜிஸ்டரப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எம்பேர உன்ன மாதிரி சுழிச்சு எழுத எனக்கு வராது.

மணிகண்டன்: பெறகு ஏன்யா வாய மூடிட்டு இருந்த?

வைரவன்: நீயா சொல்லுவன்னு பாத்தேன். மேனேஜர் ரூம் வாசல்லதான நின்ன.

மணிகண்டன்: பயந்துட்டேன் மாப்ள... வேலை போயிருமோன்னு... சத்தியமா சொல்றேன், மேனேஜர்கிட்ட இல்லாட்டியும் சரசுகிட்டயாவது உண்மையச் சொல்லிடுறேன்.

வைரவன்: அவகிட்டதான் நேத்தே சொல்லிட்டியே மச்சான், உம் புருசன் அசால்ட்டா இருந்து வேலையத் தொலச்சுட்டான்னு. காலைல போன்ல ஒரே அழுகை, நெசமான்னு கேட்டா. உங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டாப்லன்னு சொல்லிட்டேன்.